உலகச் சுற்றுச்சூழல் அரசியலில் முதுகலை: மதுரையிலிருந்து விண்ணப்பிக்க ஆயத்தமாவது எப்படி?

உலகச் சுற்றுச்சூழல் அரசியலும் கொள்கையும் என்னும் முதுகலைப் படிப்பைப் பற்றி விசாரிக்கும் மதுரை மாணவர்களில் பெரும்பாலோர், அதைச் சுற்றுச்சூழல் அறிவியல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நீரையும் காற்றையும் சோதித்து அளப்பது அறிவியல். ஓர் ஆற்றையோ குன்றையோ பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்த அதிகாரத்தை எந்தச் சட்டமும் எந்தப் பன்னாட்டு உடன்படிக்கையும் கட்டுப்படுத்துகின்றன என்று ஆராய்வது இந்தப் படிப்பு. ஆகவே வரலாறும் பொருளியலும் படித்தவர்களும் தயங்க வேண்டியதில்லை. சேர விரும்பும் மாதத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதல் படி: அருகிலிருக்கும் ஒரு பிரச்சினையை உலக அளவு வரை பின்தொடருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். முழு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, அதன் அடியில் அரிட்டாபட்டி என்று எழுதுங்கள். மேலூர் அருகே இருக்கும் இந்த ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலத்தை, 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிரின வளத்துக்காகக் காக்கப்பட வேண்டிய இடமாக, அறிவித்தது. அப்படி அறிவிக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருவது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு. அந்தச் சட்டம் பிறந்ததோ, 1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட பல்லுயிர் உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டதால். இவற்றைத் தாளின் இடப்பக்கத்தில் கீழிருந்து மேலாக எழுதுங்கள்.

இனி வலப்பக்கம். இதே பகுதியில் டங்ஸ்டன் என்ற உலோகத்தின் கனிமமும் இருக்கிறது. உலக டங்ஸ்டன் உற்பத்தியில் பெரும்பகுதி சீனாவில் நடக்கிறது. 2023இல் ஒன்றிய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் இத்தகைய கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் கொடுத்தது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டிப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் கனிமத் தொகுதி ஏலம் போனது. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பாருங்கள். பல்லுயிரைக் காப்போம் என்று உலகுக்கு வாக்களித்த நாடே, கனிமத்தில் தற்சார்பு வேண்டும் என்ற வேறொரு தேவையோடு அதே குன்றுகளுக்கு வந்து நிற்கிறது. இந்த இரண்டும் மோதும்போது எது வெல்கிறது, ஏன் வெல்கிறது என்பதே இத்துறையின் மையக் கேள்வி. வைகையையோ உங்கள் ஊர்க் கண்மாயையோ வைத்தும் இதைச் செய்யலாம்.

இரண்டாம் படி: பேச்சுவார்த்தை ஆவணங்களை வாசிக்கப் பழகுங்கள்

'எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின்' என்ற வெளியீடு, 1992 முதல் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடுகளின் நடப்புகளைத் தொகுத்து இலவசமாகத் தருகிறது. வாரம் ஓர் இதழ் வாசியுங்கள். வரைவு ஆவணங்களில் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொற்கள் இன்னும் உடன்பாடு எட்டப்படாதவை என்பதைத் தெரிந்துகொண்டால், எங்கே பூசல் இருக்கிறது என்பது கண்ணில் படும். 2015இல் காலநிலை மாற்றத்தைப் பற்றிய பாரிஸ் உடன்படிக்கையின் இறுதி வரைவில், வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பைப் பற்றிய 4.4ஆம் உட்பிரிவில் கட்டாயத்தைக் குறிக்கும் 'ஷல்' என்ற சொல் இருந்தது. அது அப்படியே நின்றிருந்தால் அமெரிக்கா தன் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்திருக்கும். கடைசி மணி நேரங்களில் அது, கட்டாயமில்லாத 'ஷுட்' என்று மாறியது. ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நாட்டின் உள்நாட்டு அரசியல் முழுவதும் நின்றதைப் பார்க்கும்போது, இப்படிப்பின் மீது எனக்கிருக்கும் பற்று உங்களுக்கும் வரும் என்று நம்புகிறேன்.

மூன்றாம் படி: ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்க அறிக்கை

"சிறு வயது முதலே இயற்கையை நேசிக்கிறேன்" என்று தொடங்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் உங்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை. முதல் படியில் எழுதிய தாளை மேசையில் வைத்துக்கொண்டு, "மாநில அரசின் பாதுகாப்பு அறிவிக்கை பெற்ற ஒரு நிலத்தை ஒன்றிய அரசு ஏலம் விட முடிந்தது எப்படி என்ற கேள்வியே என்னை இங்கே கொண்டுவந்தது" என்பதுபோலத் தொடங்குங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேட அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம் உதவும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

நான்காம் படி: இடமும் பணமும்

டெல்லியின் டெரி உயர்கல்வி நிறுவனம், ஸ்வீடனின் லுண்ட், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் போன்றவற்றில் இத்துறைக்கு நெருங்கிய படிப்புகள் உள்ளன. ஐரோப்பாவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்புகளுக்கு எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை உண்டு. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டு இளங்கலையை ஏற்பதில்லை என்பதால், கட்டணம் செலுத்துவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள். ஆசிரியருக்கு ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள். கேட்கப் போகும்போது அந்தத் தாளின் நகல் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.