சுருள்பாசி மாலை நேரப் பலகாரத்தின் இடத்தைப் பிடித்த கதை

எனக்கு ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அதிகம், இடுப்பிலும் சதை. சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசிப் பொடி சாப்பிடலாமா என்று கேட்டபோது மருத்துவர் மறுக்கவில்லை. ஆனால் வெந்நீரில் கரைத்தால் எழும் குளத்து வாடை குமட்டியது. சூடு அதன் நீல நிறமியான பைகோசயனினையும் சிதைக்கும்.

நீர்மோர்தான் வழி காட்டியது. ஒரு தேக்கரண்டிப் பொடியை முதலில் கெட்டித் தயிரில் குழைக்க வேண்டும். நேரே மோரில் கொட்டினால் கட்டி தட்டும். பிறகு குளிர்ந்த மோர், தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். வாடை அடங்கிவிடுகிறது. இதை மாலையில் இனிப்புத் தேநீருக்கும் முறுக்குக்கும் பதிலாகக் குடிக்கிறேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு இறங்கியிருந்தது. பாதிப் புகழ் அந்த முறுக்கை விட்டதற்கே சேரும் என்பது என் எண்ணம். ஆய்வுகளிலும் ரத்தக் கொழுப்பு ஓரளவு குறைகிறது. எடை சிறிதளவே குறைகிறது. 5 கிராம் பொடியில் புரதம் சுமார் 3 கிராம்தான், ஒரு முட்டையில் பாதி. இதை உணவாக நம்பிச் சோற்றை விட்டுவிடாதீர்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒன்று: இதிலுள்ள வைட்டமின் பி12 பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்து எடுப்பவர்களுக்கு ஏற்கெனவே பி12 குறையக்கூடும், ஆகவே தனியாகப் பரிசோதியுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சில பாசிகள் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சுக்கும் கன உலோகங்களுக்கும் சோதித்த சான்று இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.