யாரைப் பார்க்கப் போனோம்? வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளின் வீட்டுச் சந்திப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெற்றோருடன் வாழ முடியாத நிலையில் உள்ள ஒரு குழந்தையை வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் விட்டு வளர்ப்பதை வளர்ப்புப் பராமரிப்பு என்கிறோம். குழந்தையை ஒப்படைத்துவிட்டு வந்ததோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. 1989-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 25-ஆவது பிரிவு, இவ்வாறு வைக்கப்பட்ட குழந்தையின் நிலை அவ்வப்போது மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி மாதத்துக்கு ஒரு முறையாவது சமூகப் பணியாளர் குழந்தையை நேரில் சந்திக்க வேண்டும்; அச்சந்திப்புகளில் குறைந்தது பாதி, குழந்தை வாழும் வீட்டிலேயே நடக்க வேண்டும். இங்கிலாந்தில் குழந்தையை வைத்த ஒரு வாரத்துக்குள் முதல் சந்திப்பும், முதலாண்டு முழுவதும் ஆறு வாரங்களுக்கு மிகாத இடைவெளியில் அடுத்தடுத்த சந்திப்புகளும் நடக்க வேண்டும். இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டம், 2015, குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் வளர்ப்புக் குடும்பங்களை ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது இப்படி எழுத்தில் தெளிவாகவே இருக்கிறது. போன இடத்தில் கழியும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் தவறுகள் நேர்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது, குழந்தையைப் பார்க்கப் போய், வீட்டையும் அதன் பெரியவர்களையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான்.

கூடத்திலேயே முடிந்துவிடும் சந்திப்பு

சமூகப் பணியாளர் வருகிறார், கூடத்தில் அமர்கிறார், வளர்ப்புப் பெற்றோருடன் நாற்பது நிமிடம் பேசுகிறார். எழும்பும் நேரத்தில் குழந்தை அழைக்கப்படுகிறது. "நல்லா இருக்கியா?" என்று கேட்கிறார், குழந்தை தலையாட்டுகிறது, படிவத்தில் "குழந்தையுடன் பேசப்பட்டது" என்று குறிக்கப்படுகிறது. இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் இதன் ஆபத்து. பெரியவர்கள் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு, இரவு அதே வீட்டில்தான் உறங்க வேண்டும் என்று அறிந்த ஒரு குழந்தை, தலையாட்டுவதைத் தவிர வேறென்ன செய்யும்?

இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு எட்டு வயதில் கொடுமைக்கு உள்ளாகி இறந்த விக்டோரியா கிளிம்பியே தொடர்பாக லார்டு லாமிங் நடத்திய விசாரணையின் அறிக்கை 2003-இல் வெளியானது. அச்சிறுமி உறவுக்காரரிடம் இருந்தவர். முறைப்படியான வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவர் அல்லர். ஆனால் அந்த அறிக்கை காட்டியது இத்துறை முழுவதற்கும் பொருந்தும். ஏறத்தாழ ஏழு மாதங்கள் அவரது வழக்கு கையில் இருந்தும், பொறுப்பான சமூகப் பணியாளர் அவரைச் சந்தித்தது நான்கே முறை. பேசிய நேரம் அனைத்தையும் கூட்டினாலும் அரை மணிக்கு மேல் தேறவில்லை. கோப்பில் தாள்கள் சேர்ந்துகொண்டே போயின. அந்தச் சிறுமியின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே, ஒவ்வொரு சந்திப்பிலும் குழந்தையுடன் தனியே பேசுவதற்கான நேரத்தை முதலிலேயே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். எஞ்சிய நேரத்தைத்தான் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இது வழக்கமான நடைமுறை என்பதை வளர்ப்புப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால், பின்னர் ஒரு நாள் தனியே பேசக் கேட்கும்போது அது சந்தேகமாகத் தோன்றாது. தனியே பேசுவது என்றால் கதவைச் சாத்திக்கொண்டு எதிரெதிரே அமர்வது என்றும் பொருளில்லை. அப்படி உட்கார வைத்தால் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை, சேர்ந்து ஒரு படம் வரைதல், காரில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஒரு பயணம் என்று கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியிராத இடங்களில் பேச்சு தானாக வருவதை அனுபவமுள்ள பணியாளர்கள் எல்லோரும் அறிவார்கள். நியூசிலாந்தில் உருவான 'மூன்று வீடுகள்' முறையில், கவலைகளுக்கு ஒரு வீடு, நல்லவற்றுக்கு ஒரு வீடு, கனவுகளுக்கு ஒரு வீடு என வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று குழந்தையையே நிரப்பச் சொல்கிறார்கள். கேள்வி கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தேடும் கட்டாயம் அதில் குழந்தைக்கு இல்லை.

பேசத் தெரியாத கைக்குழந்தை விஷயத்தில் இத்தவறு இன்னொரு வடிவம் எடுக்கிறது. "இப்போதுதான் தூங்கினான்" என்று சொன்னதும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒரு முறை அப்படி நேரலாம். அடுத்தடுத்து இரண்டு முறை நேர்ந்தால், விழித்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து அந்நேரத்தில் மீண்டும் போக வேண்டும். பால் குடிக்கும்போதும், உடை மாற்றும்போதும், பராமரிப்பவர் தூக்கும்போதும் குழந்தையின் உடலையும் முகத்தையும் கவனித்தால்தான் அதன் நிலை தெரியும். அழும்போது அது யாரைத் தேடுகிறது, தூக்கியதும் உடல் தளர்கிறதா விறைக்கிறதா, எடை சென்ற மாதத்திலிருந்து எப்படி மாறியிருக்கிறது என்பவையே அக்குழந்தையின் பேச்சு.

குழந்தையின் மொழி பணியாளருக்குத் தெரியாதபோது வளர்ப்புத் தாயையோ உடன்பிறந்த குழந்தையையோ மொழிபெயர்க்கச் சொல்வதும் இதே வகைத் தவறுதான். பேச்சுக் குறைபாடுள்ள குழந்தைக்காக எப்போதும் பெரியவரே பதில் சொல்ல விடுவதையும் இதனோடு சேர்க்கலாம். இவ்விரண்டிலும் குழந்தையுடன் தனியே பேசியது போன்ற தோற்றம் கிடைக்கும். குழந்தையின் சொல் கிடைக்காது.

கேட்கும் விதமும் கொடுக்கும் வாக்கும்

"இங்கே உனக்குப் பிடிச்சிருக்குதானே?" என்ற கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. "அடிக்கிறாங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்பது அதற்கு நேரெதிரான தவறு, அது குழந்தையை மிரள வைக்கும், பின்னர் விசாரணை தேவைப்பட்டால் அதையும் பலவீனப்படுத்தும். "நேத்து காலையில எழுந்ததிலேருந்து தூங்கப் போற வரைக்கும் என்னென்ன நடந்துச்சுன்னு சொல்லேன்" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது இரண்டையும் விடப் பயன் தரும். யார் எழுப்பினார்கள், யாருடன் உண்டது, தவறு செய்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதெல்லாம் அக்கதையிலேயே வந்துவிடும். இடையில் வரும் மௌனத்தை நிரப்ப அவசரப்படக் கூடாது.

குழந்தை ஒரு கொடுமையைச் சொல்லத் தொடங்கும் தருணத்தில் நேரும் தவறுகளுக்கு விலை அதிகம். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது முதல் தவறு. காப்பாற்ற முடியாத வாக்கு அது. உன்னைப் பாதுகாப்பாக வைத்திருக்கத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று முன்பே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். துருவித் துருவிக் கேட்டு முழு விவரத்தையும் அங்கேயே வாங்கிவிட முனைவது இரண்டாவது தவறு. அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் ஒரே முறை முறையாகக் கேட்டுப் பதிவு செய்வதற்கு இடம் விட்டு, குழந்தை சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு, மேலதிகாரிக்கும் சட்டம் குறிப்பிடும் அமைப்புக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூடத்தில் வைத்து அப்போதே விசாரித்துவிட்டு, குழந்தையை அவரிடமே விட்டு வருவது மூன்றாவது தவறு. இன்றிரவு குழந்தை எங்கே உறங்கும் என்பதற்கு விடை தெரியாமல் அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

இன்னொரு வாக்கும் உண்டு. கொடுமை எதுவும் இல்லாத வீட்டிலும் ஒவ்வொரு குழந்தையும் கேட்கும் கேள்வி, "எப்போ அம்மாகிட்ட போவேன்?" என்பது. "சீக்கிரம்" என்ற பதிலைப் போல வசதியானது எதுவுமில்லை. அதைப் போல நம்பிக்கையைத் தின்பதும் எதுவுமில்லை. நீதிமன்றமோ குழுவோ எந்தத் தேதியில் பேசப்போகிறது, அதற்குள் யார் என்ன செய்ய வேண்டும், எது இன்னும் முடிவாகவில்லை என்பதைக் குழந்தையின் வயதுக்கு ஏற்றபடி சொல்லிவிடுவதே முறை.

வீட்டைப் பார்ப்பது

உறங்கும் இடம், மருந்துகள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்பது, தண்ணீர், மின்சாரம், சென்ற முறைக்குப் பின் புதிதாக வீட்டில் குடியேறிய பெரியவர் யாரேனும் உண்டா என்பது ஆகியவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் சோதனை போடுவதைப் போல அலமாரிகளைத் திறந்து பார்ப்பதற்குப் பதிலாக, "உன் அறையைக் காட்டுவியா?" என்று குழந்தையைக் கேட்டால் வீடும் தெரியும், வீட்டில் குழந்தைக்குள்ள இடமும் தெரியும். தன் பொருள்களை எங்கே வைத்திருக்கிறது, வந்த நாளில் கொண்டுவந்த பை இன்னும் அவிழ்க்கப்படாமலே மூலையில் கிடக்கிறதா என்பது எந்தப் படிவத்திலும் இல்லாத தகவல். வசதியையும் சுத்தத்தையும் பாதுகாப்பாக எண்ணிக்கொள்வது இங்கே அடிக்கடி நேரும் பிழை. பளிச்சென்ற வீட்டில் பயந்து வாழும் குழந்தையும் உண்டு. இரைந்து கிடக்கும் வீட்டில் தழைத்து வளரும் குழந்தையும் உண்டு.

எல்லாச் சந்திப்பையும் சொல்லிவிட்டே போவதும் தவறு, எல்லாவற்றையும் சொல்லாமல் போவதும் தவறு. முன்னது தயாரிக்கப்பட்ட காட்சியை மட்டுமே காட்டும். பின்னது வளர்ப்புக் குடும்பத்தை எப்போதும் பதற்றத்தில் வைத்திருக்கும். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் காணொளிச் சந்திப்புகள் பல இடங்களில் அனுமதிக்கப்பட்டன. அவை தொடர்பை அறாமல் காத்தன என்பது உண்மை. திரைக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்பது கடைசி வரை தெரியாது என்பதும் உண்மை.

நேரில் போகும்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்க, துறையின் பெயர் எழுதிய வண்டியை வாசலில் நிறுத்துவதும், பள்ளிக்குப் போய் வகுப்பிலிருந்து அழைத்து வரச் சொல்வதும், வளரிளம் பருவத்துப் பிள்ளைகளை எந்த அளவுக்குக் கூச வைக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 'இவன் சொந்தப் பிள்ளை இல்லை' என்ற செய்தியைத் தெருவுக்கும் வகுப்புக்கும் அறிவித்துவிட்டு, அதன் பிறகு அவனிடம் மனம் திறந்து பேசச் சொல்வதில் பயனில்லை.

வளர்ப்புப் பெற்றோரிடம்

குழந்தையைத் தனியே சந்திக்க வேண்டும் என்பதற்காக இவர்களைச் சந்தேகத்துக்குரியவர்களாக நடத்திவிடக் கூடாது. இரவில் குழந்தை அலறி எழுவதையும், உணவை ஒளித்து வைப்பதையும், பள்ளியிலிருந்து வரும் புகார்களையும் நாள்தோறும் தாங்குபவர்கள் இவர்களே. "எல்லாம் சரியாப் போகுதா?" என்று பொதுவாகக் கேட்டால் "சரிதான்" என்றே சொல்வார்கள், இயலாமையை ஒப்புக்கொண்டால் குழந்தையை எடுத்துப் போய்விடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கும் உண்டு. எந்த நேரம் மிகக் கடினமாக இருக்கிறது, கடைசியாக எப்போது நன்றாக உறங்கினீர்கள், ஓரிரு நாள் மாற்றுப் பராமரிப்பு கிடைத்தால் உதவுமா என்று கேட்டால் வேறு பதில் வரும். இக்கேள்விகளைக் கேட்காமல் விட்டதனால் ஒரு நாள் திடீரென்று "இனி முடியாது" என்ற தொலைபேசி அழைப்பு வருகிறது. குழந்தை மற்றொரு முறை வீடு மாறுகிறது.

பெற்ற தாயைச் சந்தித்துவிட்டு வந்த நாளில் குழந்தை அழுகிறது, முரண்டு பிடிக்கிறது என்று வளர்ப்புப் பெற்றோர் சொன்னதும், அச்சந்திப்புகளைக் குறைத்துவிடலாம் என்று முடிவுக்கு வருவதும் அவசரமே. பிரிவைத் திரும்பத் திரும்ப அனுபவிக்கும் குழந்தை அழுவது இயல்பு. சந்திப்பின்போது என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அந்த அழுகைக்குப் பொருள் சொல்ல முடியாது.

எழுதி வைப்பது

"குழந்தை மகிழ்ச்சியாக உள்ளது" என்ற வாக்கியம் மாதந்தோறும் ஒரே எழுத்துகளில் ஒரே கோப்பில் வருவதைக் காணலாம். அது பார்த்ததன் பதிவு ஆகாது. எழுதியவரின் முடிவு மட்டுமே. என்ன கண்டோம், குழந்தை என்ன சொன்னது, பிறர் என்ன சொன்னார்கள், இவற்றிலிருந்து நாம் என்ன கருதுகிறோம் என்ற நான்கையும் பிரித்து, நினைவு மங்குமுன் அன்றே எழுதிவிட வேண்டும்.

போகாத சந்திப்பைப் போனதாக எழுதுவதைத் தவறு என்று சொல்வது போதாது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் அரசின் பொறுப்பில் இருந்த ஒரு சிறுமி காணாமல் போய் ஓராண்டுக்கும் மேலான பிறகு, 2002-இல்தான் அது அதிகாரிகளுக்குத் தெரிந்தது. அதுவரை மாதாந்திரச் சந்திப்புகள் நடந்ததாகவே நம்பப்பட்டது. அம்மாநிலம் அதே ஆண்டில், சந்திப்புப் பதிவுகளைப் பொய்யாக எழுதுவதைக் குற்றமாக்கியது. ஒருவர் மேல் சுமத்தப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை அளவுக்கு மீறும்போது இந்தச் சபலம் பிறக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். போக முடியவில்லை என்று எழுதும் பணியாளரைத் தண்டிக்கும் அலுவலகம் பொய்ப் பதிவைத்தான் பெறும்.

குழந்தையின் பொறுப்பு ஓர் அலுவலகத்திடமும் அது வாழும் வீடு மற்றோர் அலுவலகத்தின் எல்லையிலும் இருக்கும்போது, அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருதரப்பும் எண்ணிக்கொள்வது பழைய நோய். 1945 ஜனவரியில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணையில் வளர்ப்புத் தந்தையின் கொடுமையால் 12 வயதில் இறந்த டென்னிஸ் ஓ'நீல், வேல்ஸின் நியூபோர்ட் நகர நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தவன். சர் வால்டர் மாங்க்டன் நடத்திய விசாரணை, நியூபோர்ட், ஷ்ராப்ஷயர் நிர்வாகங்களுக்கிடையே மேற்பார்வை சிதறிப் போனதை எடுத்துக்காட்டியது. 1948-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்துக்கு வழி வகுத்தவற்றுள் அச்சம்பவமும் ஒன்று. யார், எந்தத் தேதியில் போகிறார் என்பது பெயரோடு எழுதப்படாத இடத்தில் எவரும் போவதில்லை.

கடைசியாக, சென்ற முறைப் பதிவைப் படிக்காமல் போவது. மூக்குக் கண்ணாடி மாற்றித் தருவதாகவும், அக்காவுடன் தொலைபேசியில் பேச ஏற்பாடு செய்வதாகவும் சென்ற மாதம் சொன்னது பணியாளருக்கு மறந்திருக்கும், குழந்தைக்கு மறந்திருக்காது. பணியாளர் மாறும்போது நிலை இன்னும் மோசமாகும். புதியவர் வந்து, ஏற்கெனவே மூன்று பேரிடம் சொன்ன கதையை நான்காம் முறை சொல்லச் சொல்கிறார். முடிந்தவரை பழையவர் புதியவரை நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தி, தாம் விடைபெறுவதையும் குழந்தையிடமே சொல்ல வேண்டும். எழுந்து வருமுன், அடுத்த சந்திப்பு எந்த நாள் என்பதைக் குழந்தையிடம் சொல்லி, நாட்காட்டியில் அதன் கையாலேயே குறிக்கச் சொல்லலாம். அந்த நாளில் வர முடியாமற் போனால், அதை வளர்ப்புப் பெற்றோரிடம் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், குழந்தையையே தொலைபேசியில் அழைத்துக் காரணத்தையும் மாற்று நாளையும் சொல்ல வேண்டும்.