மேஃபிளவரில் வந்த எலிசபெத் டில்லியின் வம்சாவளியைத் தேடுவது எப்படி?

1620-ல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் பெற்றோருடன் அமெரிக்காவின் பிளிமத்துக்கு வந்தபோது எலிசபெத் டில்லிக்கு 13 வயது. முதல் குளிர்காலத்திலேயே அம்மா, அப்பா இருவரும் இறந்துவிட்டார்கள். அப்புறம் அதே கப்பலில் வந்த ஜான் ஹவ்லேண்டை மணந்து 10 பிள்ளைகள் பெற்றார். இவரை வைத்தே பழகுவோம்.

படி 1: கப்பலிலிருந்து தொடங்காதீர்கள். தெரிந்த தலைமுறையிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போங்கள். 1850-க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். அதற்கு முன்பு ஊர்ப் பதிவேடு, நிலப் பத்திரம், உயில்தான் கதி.

படி 2: உயிலை வரிவரியாகப் படியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இதுதான். 1686-ல் எழுதிய உயிலில் எலிசபெத், மகன் ஜோசப்புக்குத் தன் தூக்குக்கோலையும் (எடை பார்க்கும் கோல்), மருமகன் ஜேம்ஸ் பிரௌனுக்குப் பெரிய பைபிளையும், மகள் லிடியா பிரௌனுக்கு இறகு மெத்தையையும் பச்சைக் கம்பளத்தையும் எழுதிவைத்தார். மகள் யார் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

படி 3: கல்லறைக் கல்லை அப்படியே நம்பாதீர்கள். எலிசபெத் பிளிமத்தின் ஆளுநர் ஜான் கார்வரின் மகள் என்று நெடுங்காலம் நம்பி, கல்லிலும் பொறித்துவிட்டார்கள். அதே கப்பலில் வந்து பின்னாளில் பிளிமத் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதிய வரலாற்றின், காணாமல் போயிருந்த கையெழுத்துப் பிரதி 1855-ல் லண்டன் ஃபுல்ஹாம் அரண்மனையில் கிடைத்தது. அதிலுள்ள பயணிகள் பட்டியலில் ஜான் டில்லி, அவர் மனைவி, மகள் எலிசபெத் என்று தெளிவாக இருந்தது. இணையத்தில் மற்றவர்கள் போட்டுவைத்த குடும்ப மரங்களும் இந்தக் கல்லைப் போலத்தான். துப்பாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக வேண்டாம்.

படி 4: இனி இங்கிலாந்து. அங்கே தேவாலயப் பதிவேடுகள் 1538-ல் தொடங்கின. பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ ஊரில் எலிசபெத்தின் ஞானஸ்நானம் 30 ஆகஸ்ட் 1607. தாய் ஜோன் ஹர்ஸ்டுக்கு 13 மார்ச் 1567/68. ஏன் இரண்டு வருடம்? 1752 வரை அங்கே மார்ச் 25-ல்தான் புத்தாண்டு. பழைய கணக்கில் 1567, நம் கணக்கில் 1568. இரண்டையும் சேர்த்தே குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தேதிகளெல்லாம் குழம்பிவிடும்.

படி 5: ஒரே பெயரில் இன்னொருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். ஜோனின் முதல் கணவர் பெயர் தாமஸ் ரோஜர்ஸ். மேஃபிளவரிலும் ஒரு தாமஸ் ரோஜர்ஸ் உண்டு! சரி, இருவரும் ஒருவரா? ஜோன் விதவையாகி ஜான் டில்லியை மணந்தது 1596-ல். அதற்கு முன்பே இறந்தவர் 1620-ல் கப்பல் ஏறியிருக்க முடியாது.