பழைய முத்திரை மோதிரத்தை இனங்கண்டு மதிப்பிடும் முறை

புதுச்சேரியில் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நிலவியதால், இங்குள்ள பழைய குடும்பங்களின் பெட்டிகளில் ஃப்ரீமேசன் போன்ற சங்கங்களின் உறுப்பினர்கள் அணிந்த முத்திரை மோதிரம் ஒன்று கிடைத்தால் வியப்படைய வேண்டியதில்லை. முகப்பில் மூலைமட்டமும் கவராயமும் பின்னியிருந்தால் அது ஃப்ரீமேசன் என்னும் சகோதரத்துவச் சங்கத்தின் சின்னம். நடுவே ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து இருப்பதும் உண்டு. எழுத்துகள் இடவலமாகத் திரும்பிக் குழிவாக வெட்டப்பட்டிருந்தால், அது அரக்கில் பதிப்பதற்காகவே செய்யப்பட்டது எனக் கொள்ளலாம்.

அடுத்து, வளையத்தின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பொறுமையாகப் பாருங்கள். 1838 முதல் பிரான்சில் 18 காரட் தங்கத்திற்குக் கழுகுத் தலை முத்திரையிடப்பட்டது. செய்தவரின் அடையாளம் சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும். பிரிட்டனில் செய்ததாயின், பர்மிங்காமுக்கு நங்கூரமும் லண்டனுக்குச் சிறுத்தைத் தலையும் காணப்படும், ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் பெரும்பாலும் உடனிருக்கும்.

இந்தத் தர முத்திரைகள் தேய்ந்திருந்தால் உரைகல்லை விட எக்ஸ்-ரே கருவிச் சோதனையையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அது மோதிரத்தைச் சுரண்டாது. ஆனால் தடித்த முலாம் அதையும் ஏமாற்றக்கூடும்.

எட்டு கிராம் எடையுள்ள 18 காரட் மோதிரத்தில் ஆறு கிராம் பசும்பொன் உண்டு. அதன் இன்றைய விலையே அடிமதிப்பு. உள்ளே பெயரோ ஆண்டோ பொறித்திருந்தால் சேகரிப்போர் அதற்கு மேலும் தருவார்கள். ஆகவே மெருகேற்றாதீர்கள், உருக்கவும் கொடுத்துவிடாதீர்கள்.