யூட்டா, வேகனா? மெல்பர்னுக்குப் புதிதாக வந்தவர்கள் கையெழுத்துப் போடும் முன்

வேலை நிலைத்து, பிஆரும் (நிரந்தர வதிவிட உரிமை) கைக்கு வந்துவிட்டால் நம்மாட்கள் அடுத்துப் பேச ஆரம்பிப்பது வண்டியைப் பற்றித்தான். அதுவரை பழைய கேம்ரியில் நிம்மதியாகப் போய்வந்தவருக்குத் திடீரென்று டூயல் கேப் யூட் (முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் திறந்த சரக்கு ட்ரே உள்ள வண்டி) மேல் ஆசை வந்துவிடும். குற்றம் சொல்ல முடியாது. 2016 முதல் 2022 வரை ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்ற வண்டி டொயோட்டா ஹைலக்ஸ். 2023இல் அந்த இடத்தை ஃபோர்ட் ரேஞ்சர் பிடித்தது. இரண்டுமே யூட். தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒன்று நிற்கும்போது நமக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று தோன்றத்தான் செய்யும். வாட்ஸப் குழுவில் கேட்டால் "மச்சான், கண்ண மூடிட்டு ரேஞ்சர் எடு" என்று பத்துப் பேர் சொல்வார்கள். அதில் எட்டுப் பேர் எஸ்யூவி வைத்திருப்பார்கள்.

எதற்கும் எதற்கும் இடையில் முடிவெடுக்கிறோம் என்று முதலில் பார்த்துவிடலாம். ஊரில் ஃபார்ச்சூனர் பார்த்திருப்பீர்கள். அது ஹைலக்ஸின் அடிச்சட்டத்தின் மேல் வேகன் உடம்பை, அதாவது பின்பக்கமும் மூடிய எஸ்யூவி உடம்பை, ஏற்றிய வண்டி. மறைமலை நகரில் தயாரான எண்டெவர்தான் இங்கே எவரெஸ்ட். அதற்கு அடியில் இருப்பது ரேஞ்சர். இசுசு டி-மேக்ஸ் யூட்டுக்கு அண்ணன் தம்பி உறவில் எம்யூ-எக்ஸ். பெரும்பாலும் இன்ஜின் ஒன்று, கியர் பாக்ஸ் ஒன்று. மாறுவது பின்பக்கம். யூட்டுக்குப் பின்னால் கமான் பட்டை, நம்மூர் மினி லாரியில் இருக்கும் அதே சமாசாரம். வேகனுக்குக் காயில் ஸ்பிரிங். காலி ட்ரேயோடு யூட்டை ஓட்டினால் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகெலும்பில் தெரியும். பாரம் ஏற்றினால் அடங்கும். பாரத்துக்காகவே செய்த வண்டி அது.

ஆவண வேலைகளை விரிவாகச் சொல்லப் போவதில்லை. லைசென்ஸ் மாற்றுவது, ரெஜோ எனும் வண்டிப் பதிவு, சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்தி சான்றிதழ் எல்லாம் விக்டோரியாவில் இவற்றைக் கவனிக்கும் விக்ரோட்ஸ் தளத்திலேயே தெளிவாக இருக்கிறது; மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், உங்கள் மாநிலத்தில் பாருங்கள். பழைய வண்டி என்றால் விஐஎன் (சேசிஸ்) எண்ணைப் போட்டு பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் தேடல் செய்யுங்கள். 2 டாலர்தான். வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா, முன்பு விபத்தில் சரிசெய்ய லாயக்கில்லை என்று ரைட்-ஆஃப் ஆனதா என்று தெரிந்துவிடும். சுரங்கத்தில் ஓடிய யூட்டுகள் ஏலத்துக்கு வரும். கிலோமீட்டர் குறைவாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள். ஏசிக்காக நாள் முழுக்க இன்ஜினை ஓட விட்டு நிறுத்தியிருப்பார்கள், அது ஓடோமீட்டரில் ஏறாது. கடற்கரை மணலில் ஓடிய வண்டி என்றால் அடியில் படுத்து துருவைப் பாருங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விளம்பரத்தில் பெரும்பாலான வண்டிகளுக்கு ஒரே எண் கொட்டை எழுத்தில் இருக்கும்: 3,500 கிலோ இழுக்கும். யூட்டுக்கும் அதே 3,500, பல வேகன்களுக்கும் அதே 3,500. என் நண்பர் ஒருவர் இந்த எண்ணை நம்பித்தான் மாட்டிக்கொண்டார்.

அவர் வாங்கியது முழு அலங்காரத்தோடு வந்த பழைய டூயல் கேப். முன்னால் புல் பார் எனும் முட்டுக் கம்பி, வின்ச் எனும் இழுவைக் கருவி, பின்னால் ட்ரேயை மூடும் இரும்பு கேனபி, அதற்குள் டிராயர், ஃப்ரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, கூரையில் ரேக்கும் கூடாரமும். "இவ்வளவும் சேர்த்தே இந்த விலைதான்" என்று விற்றவர் சொன்னபோது நண்பருக்கு லாபமாகத் தெரிந்தது. அடுத்து 2,900 கிலோ காரவன், வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடு. 3,500 இழுக்கும் வண்டிக்கு 2,900 எந்த மூலைக்கு என்று கணக்கு. ஈஸ்டர் விடுமுறைக்கு ஹால்ஸ் கேப் என்ற மலையூருக்குக் கிளம்பினார்கள். பாலரட் தாண்டி ஓரிடத்தில் அதிகாரிகள் காரவன்களை மட்டும் ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். சக்கரத்துக்கு ஒன்றாகத் தட்டையான தராசுப் பலகைகளை வைத்து அதன் மேல் ஏறச் சொன்னார்கள்.

அன்று அந்தத் தராசு சொன்ன கணக்கை வீட்டில் உட்கார்ந்தே போட்டிருக்கலாம். எழுதிக் காட்டுகிறேன், இது எல்லா யூட்டுக்கும் பொருந்தும். வண்டியும் அதில் ஏறியதும் சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது ஜிவிஎம். அவருடையதற்கு 3,100 கிலோ. டேங்க் நிறைய டீசலோடு வெறும் வண்டி 2,150. மீதி 950 கிலோதான் பேலோட். ஆட்கள், சாமான், பிறகு மாட்டிய பாகங்கள் எல்லாமே இந்த 950க்குள் அடங்க வேண்டும். புல் பாரும் வின்ச்சும் 90, கேனபி 160, டிராயரும் ஃப்ரிட்ஜும் 110, பேட்டரி 30, கூரைச் சாமான் 90, பின்னால் இழுவைக்கு மாட்டும் டோ பார் 40. ஆக 520 போய்விட்டது. மீதி 430. நண்பர், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார் என்று ஐந்து பேருக்கு 300 வையுங்கள். மீதி 130.

இப்போது காரவன். அதன் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு டோ பால் (காரவனைக் கோக்கும் இரும்புக் குண்டு) மேல் அழுத்தும், இங்கே 290 கிலோ. அந்த 290ம் யூட்டின் பேலோடில்தான் சேரும். இதை யாரும் சொல்வதில்லை. விற்பவர் நிச்சயம் சொல்ல மாட்டார். இருப்பது 130, ஏறியது 290. ஒரு பை அரிசி வைப்பதற்கு முன்பே 160 கிலோ மீறல்.

அதோடு போகவில்லை. டோ பால் இருப்பது பின் ஆக்சிலுக்கும் வெகு பின்னால். அங்கே அழுத்தினால் முன்பக்கம் லேசாகத் தூக்கும், அந்த எடையும் பின் ஆக்சிலுக்கே போகும். பின் ஆக்சிலுக்கு என்று தனி வரம்பு உண்டு, அதுவும் தாண்டியிருந்தது. எடையைக் குறைக்காமல் நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, தண்ணீரைக் கொட்டிவிடலாம் என்று காரவனின் டேங்கைத் திறந்துவிட்டார் நண்பர். அந்த டேங்க் காரவன் சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது. அது காலியானதும் காரவனின் மூக்கு இன்னும் கனமாகி டோ பாலில் அழுத்தம் ஏறியது. மறுபடி தராசில் ஏற்றினால் யூட்டின் பின் சக்கரத்தில் எண் கூடியிருந்தது! மாமனார் புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெட் கிரைண்டர், இட்லிப் பானை, பத்துக் கிலோ பொன்னி அரிசி, கூரைக் கூடாரம் எல்லாம் ரோட்டோரத்தில் வரிசையாக நின்றன. வெர்ரிபியிலிருந்து இன்னொருவர் கார் எடுத்துக்கொண்டு போய் சாமான்களையும் மாமனாரையும் ஏற்றி வந்தார். விடுமுறைக்கு ஏன் வெட் கிரைண்டர் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன், பதில் வரவில்லை.

அபராதம் ஒரு பக்கம். ஜிவிஎம் உயர்த்தும் சஸ்பென்ஷன் கிட்டுக்கு ஆயிரக்கணக்கில் போனது. காரவனை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். அன்று எங்காவது மோதியிருந்தால் எடை மீறலைக் காட்டி இன்ஷூரன்ஸ் கைவிரித்திருக்கலாம் என்பதை நினைத்தால்தான் அவருக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. ஊரில் குட்டியானையில் இரண்டு மடங்கு ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆர்டிஓ நிறுத்தினால் என்ன செய்வது என்பதும் தெரியும். இங்கே அந்த வழி இல்லை.

அப்படியானால் வேகன் எடுத்தால் தப்பித்தோமா? காகிதத்தில் இல்லை. டூயல் கேப்புக்கு 900 முதல் 1,000 கிலோ பேலோட் என்றால் இந்த வேகன்களுக்குப் பெரும்பாலும் 600, 700தான். ஏழு பேர் ஏறினாலே ஏறக்குறைய முடிந்துவிடும். ஆனால் பின் ஆக்சிலுக்கும் டோ பாலுக்கும் இடைவெளி குறைவு என்பதால் இழுக்கும்போது ஆட்டம் குறைவு. கேனபி வைக்க இடமில்லாததால் கண்டதையும் மாட்டும் ஆசையும் குறைவு. அதைவிட, நம் வீடுகளில் எதற்கு 2,900 கிலோ காரவன்? கூடாரம் மடக்கி வைத்த சின்ன கேம்பர் டிரெய்லர் போதும். அதுவும் வேண்டாம் என்றால் காரவன் பார்க்கிலேயே கேபின் வாடகைக்குக் கிடைக்கும், சமையல் மேடையோடு.

பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் என் வாக்கு வேகனுக்குத்தான். டூயல் கேப்பின் பின் சீட் செங்குத்தாக நிற்கும், சாய்க்க முடியாது. குழந்தை இருக்கையின் மேல் பட்டையை சீட்டுக்குப் பின்னாலுள்ள வளையத்தில் நுழைத்து மாட்டுவதற்குள் குழந்தை ஒரு பாட்டம் அழுது முடித்திருக்கும். ஊரிலிருந்து அம்மா வருவார்கள், புடவையோடு முழங்கால் வலியோடு. உயரம் ஏற்றிய யூட்டில் அவர்களை ஏற்றுவதற்குள் பின்னால் மூன்று கார் ஹாரன் அடிக்கும். தைப்பூசத்தன்று சன்ஷைன் முருகன் கோயிலில் 5.3 மீட்டர் வண்டிக்கு இடம் தேடிப் பாருங்கள், 4.9 மீட்டர் வேகனின் அருமை தெரியும். ஒன்று மட்டும் யூட்டுக்கு ஆதரவாகச் சொல்வேன்: மீன் மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் வாடை வெளியிலேயே போய்விடும்.

இரண்டுமே பெரும்பாலும் டீசல் என்பதால் பள்ளிக்கூடம், ஸ்டேஷன் என்று குட்டிக் குட்டி ஓட்டம் மட்டும்தான் என்றால் இரண்டுமே வேண்டாம். டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், நெடுஞ்சாலையில் சூடாக ஓடினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்.

ஆபீசில் யூட் வாங்கித் தந்தால் எஃப்பிடி வரி (ஊழியருக்குத் தரும் சலுகைகளுக்கு முதலாளி கட்டும் வரி) கிடையாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. வேலைக்குப் போய்வருவது தவிர சொந்த ஓட்டம் அற்பமாக இருந்தால்தான் அந்தச் சலுகை. வரித்துறையின் வழிகாட்டலில் வருடத்துக்கு 1,000 கிலோமீட்டர், ஒரு போய்வரும் பயணத்துக்கு 200 என்று வரம்பு போட்டிருக்கிறது. ஹால்ஸ் கேப் போகும்போதே 200 தாண்டிவிடும். அக்கவுண்டன்டைக் கேளுங்கள், வாட்ஸப்பை அல்ல.

டைல்ஸ், பிளம்பிங், தோட்ட வேலை செய்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், யூட்தான். வீடு மாற்றும் அத்தனை தமிழர்களும் சனிக்கிழமை காலையில் உங்களுக்குத்தான் போன் செய்வார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

எதை வாங்குவதாக இருந்தாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் பேசி வண்டியைப் பொது எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். சின்னக் கட்டணம்தான். முதலில் முன் சக்கரம் மட்டும், பிறகு முழு வண்டி, டிரெய்லர் இருந்தால் கோத்தபடி இன்னொரு முறை. சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டாரையும் கூட்டிப்போங்கள், எடை போடும்போது எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்திருக்கட்டும், டேங்கும் நிறைந்திருக்கட்டும்.