தேக்காவைத் தேடக் கற்பிப்போம்: தகவல் திறனைத் தமிழ்ப் பாடத்துக்குள் கொண்டுவரும் முறை

ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பையே நூலகத்துக்கு அழைத்துப்போய், அடுக்குகளைச் சுற்றிக்காட்டி, நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் டியூயி எண்முறையை விளக்கி, ஒரு பயிற்சித்தாளையும் நிரப்பச் சொல்லித் திரும்புவது நமக்குப் பழகிப்போன ஒன்று. இரண்டே வாரத்தில் பிள்ளைகள் அதை மறந்துவிடுகிறார்கள். அன்றைக்கு அவர்கள் தேடியே ஆக வேண்டியது எதுவும் இல்லை, அதுதான் காரணம். தேவை எழும் பாடத்தில், தேவை எழும் வாரத்தில் சொல்லிக்கொடுத்தால்தான், தகவலைத் தேடி எடைபோட்டுப் பயன்படுத்தும் திறன் நிலைக்கும். அதனால் தனிப் பாடவேளை கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே நடத்தவிருக்கும் பாடப்பகுதி ஒன்றை எடுத்து, அதற்குள் ஒரே ஒரு திறனை வையுங்கள். மூன்று திறன்களை ஒன்றாக அடைத்தால் மூன்றுமே அரைகுறையாகும். இங்கே சிங்கப்பூரின் தேக்கா சந்தை வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

எந்த நிலையில் எது

தொடக்கநிலை 1, 2-இல் நூலின் தலைப்பு, ஆசிரியர், பொருளடக்கம் ஆகியவற்றை அடையாளம் காட்டினால் போதும். 3, 4-இல் சொல்லடைவும் நூலின் முதுகில் ஒட்டியுள்ள எண்ணும். 5, 6-இல் தேடுசொல், குறிப்பெடுத்தல், இரண்டு மூலங்களை ஒப்பிடுதல். உயர்நிலையில் பழைய நாளிதழ்களும், மூலத்தின் நம்பகத்தன்மையும்.

எண்முறைக்குப் பத்து நிமிடம் போதும். முழு அட்டவணையையும் மனப்பாடம் செய்ய வைப்பது வீண் வேலை. அந்தப் பாடத்துக்கு வேண்டிய இரண்டு மூன்று எண்களை மட்டும் கொடுங்கள்: சிங்கப்பூர் வரலாறு 959.57, சமையல் 641.5, தமிழ் இலக்கியம் 894.811. தமிழ் நூல்களும் ஆங்கில நூல்களும் வேறு வேறு அடுக்குகளில் இருந்தாலும் ஒரே பொருளுக்கு ஒரே எண்தான் என்பதை நேரில் காட்டுங்கள். ஒரு பிள்ளை 641.5-ஐத் தமிழ் அடுக்கில் கண்டுபிடித்துவிட்டு ஆங்கில அடுக்கிலும் போய் எடுத்துவிட்டால், எண்முறை புரிந்துவிட்டது என்று பொருள்.

முன்னேற்பாடு

பாடம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போதே நூலகப் பொறுப்பாசிரியரிடம் பேசுங்கள். "தேக்கா பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டால் கையில் கிடைப்பதுதான் வரும். மாணவர்கள் விடை தேடப்போகும் நான்கைந்து கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். இருபது பேர் கொண்ட வகுப்புக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நூல்கள் தேவைப்படும். போதாததைப் பொது நூலகத்தில் இரவல் வாங்கலாம். இரவல் காலம் 21 நாள். வேறு யாரும் முன்பதிவு செய்யாவிட்டால் ஒருமுறை நீட்டிக்கலாம். ஆகவே நூல்களைக் கையாளும் பகுதியை மூன்று வாரத்துக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள். நீட்டிப்பை நம்பித் திட்டம் போட்டால், ஒப்படைப்பு எழுதும் வாரத்தில் நூல் கையில் இல்லாமல் போகலாம்.

தமிழ் விசைப்பலகையை முந்தின நாளே கருவிகளில் நிறுவச் சொல்லுங்கள். இதைத் தவறவிட்டால் தேடல் பாடத்தில் முதல் கால்மணி நேரம் அதிலேயே போய்விடும்.

தேடுசொல்: ஒரு சந்தை, மூன்று பெயர்

தேடுசொல்லைக் கற்பிக்கத் தேக்காவைப்போல் கைகொடுக்கும் தலைப்பு நமக்கு வேறொன்று இல்லை. பழைய சந்தைக்கு மலாயில் கண்டாங் கெர்பாவ் என்று பெயர். எருமைத் தொழுவம் என்று பொருள். ஹொக்கியன் சீனமொழி பேசியவர்கள் அந்த வட்டாரத்தைச் சிறுமூங்கில்களின் அடிவாரம் என்ற பொருளில் குறித்தார்கள். தேக்கா என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது. 1982-இல் சாலைக்கு எதிர்ப்புறம் புதிய கட்டடம் வந்தபோது, அதே மூங்கில் பெயரின் மாண்டரின் வடிவமான சூஜியாவ் சூட்டப்பட்டது. 2000-இல் தேக்கா நிலையம் என்று பெயர் மாறியது.

இப்போது மாணவரிடம் "1985-இல் அந்தச் சந்தை எப்படி இருந்தது?" என்ற கேள்வியைக் கொடுங்கள். "தேக்கா நிலையம்" என்று மட்டும் தேடினால் அந்தக் காலத்துச் செய்திகள் பல அகப்படா. கேள்வியில் உள்ள ஆண்டுக்கு அன்றைய பெயர் எது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது அப்போது அவர்களுக்கே விளங்கும். இதை விளக்கிச் சொல்வதைவிட, ஐந்து நிமிடம் தேடித் தோற்கவிட்டுப் பிறகு பெயர் வரலாற்றைக் கொடுப்பது நல்லது.

பிறகு தேடுசொல் அட்டவணை போடுங்கள். ஒரு தாளில் நான்கு பத்திகள்: இன்றைய பெயர், பழைய பெயர், வேறு எழுத்துக்கூட்டல், ஆங்கிலப் பெயர். எழுத்துக்கூட்டல் பத்திதான் தமிழில் அதிகம் நிரம்பும். சிராங்கூன், செராங்கூன், கட்டடம், கட்டிடம். குறில் நெடில் தவறினால் "தெக்கா" ஆகிவிடும். தமிழில் வேற்றுமை ஏறும்போது சொல்லே உருமாறுவதையும் சேர்த்துக் காட்டுங்கள்: ஆறு, ஆற்றின், வீடு, வீட்டில். ஆங்கிலத்தில் தேடிப் பழகிய பிள்ளைக்கு இது புதிது. ஒரு வடிவத்தில் எதுவும் வராவிட்டால் மற்ற வடிவத்திலும் தேடிய பிறகே "தகவல் இல்லை" என்று எழுதலாம் என்பதை வகுப்பு விதியாக வையுங்கள்.

குறிப்பெடுத்தல்

இருக்கும் நேரத்தில் பெரும்பங்கை இதற்கே ஒதுக்குங்கள். நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்தில் படித்து, இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு, வந்ததை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அது சோம்பல் என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எப்படி வருவது என்ற வழியை நாம் காட்டவில்லை. சிங்கப்பூர் பற்றிய இணையக் கலைக்களஞ்சியமான, தேசிய நூலக வாரியத்தின் இன்ஃபோபீடியா கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் உள்ளன. அவற்றைத் தவிர்க்கச் சொல்வதிலும் பயன் இல்லை.

பாதி ஏ5 அளவில் அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆறு. அட்டையின் மேலே ஒரு கேள்வி. நடுவில் ஐந்து முதல் எட்டுச் சொற்கள். முழு வாக்கியம் கூடாது. கீழே ஆசிரியர், தலைப்பு, பக்க எண். இணையப் பக்கமென்றால் பக்க எண்ணுக்குப் பதில் பார்த்த தேதி.

மாணவர் பத்தியை ஒருமுறை படித்ததும் நூலை மூட வேண்டும், அல்லது கருவியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதன்பின் நினைவில் நிற்கும் சொற்களைத் தமிழில் எழுத வேண்டும். தமிழ்ச்சொல் தெரியாத இடத்தில் ஆங்கிலச் சொல்லையே எழுதி வட்டமிடலாம். வட்டமிட்ட சொற்களை மட்டும் அடுத்த பாடவேளையில் சேர்ந்து பாருங்கள். அகராதியோடு நிற்காமல் நம் நாளிதழான தமிழ் முரசில் அந்தச் சொல் எப்படி வழங்குகிறது என்று தேடச் சொல்லுங்கள். நாம் உணவங்காடி நிலையம் என்று சொல்வதை இயந்திரம் வேறு எப்படியோ தரும். தேக்காவை ஒட்டிய பஃபலோ ரோடு "எருமைச் சாலை" ஆகிவிட்டால் அதை எந்த வரைபடத்திலும் காண முடியாது. ஊர்ப்பெயர், தெருப்பெயரை மொழிபெயர்க்கக் கூடாது என்பதை இந்த ஒரு எடுத்துக்காட்டு பதியவைத்துவிடும்.

முதல் நாள் இரண்டு அட்டைக்கு மேல் நிரம்பாது. அவசரப்படுத்தாதீர்கள், அவசரப்படுத்தினால் மறுபடியும் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

மூலத்தை எடைபோடுதல்

தகவலைச் சரிபார்க்கப் பழக்கத் தேசிய நூலக வாரியம் 2013-இல் தொடங்கிய 'ஷ்யூர்' இயக்கத்தின் நான்கு படிகள் இதற்குப் போதும்: மூலம் எது, சொல்வது என்ன, வேறு எங்கே சரிபார்க்கலாம், எல்லாக் கோணமும் பார்த்தாயிற்றா. தொடக்கநிலை 5-இல் மூன்றாவது படி ஒன்றே போதும்: ஒரே தகவலை இரண்டு இடங்களில் பார்த்து, ஒத்துப்போகிறதா என்று ஒரு வரி எழுதுவது.

உயர்நிலை மாணவர்களுக்கு, பழைய நாளிதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தைத் திறந்துவிடுங்கள். 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் அதில் உள்ளன. பழைய தமிழ் அச்சை இயந்திரம் சரியாக வாசிக்காது. 'ர'வும் துணைக்காலும் குழம்பும், பழைய 'லை', 'னை' வடிவங்கள் தடுக்கும். எனவே சொல்லைப் போட்டுத் தேடுவதோடு, தேதியைத் தேர்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டவும் பழக்குங்கள். சில இதழ்களை நூலகக் கணினியில் மட்டுமே பார்க்க முடியும்; ஒப்படைப்பைக் கொடுக்குமுன் நீங்களே வீட்டிலிருந்து திறந்து பார்த்துவிடுங்கள்.

உலகில் இல்லாத நூலுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அழகாகத் தலைப்பு வைத்துத் தரும். மாணவர் தாமே திறந்து படிக்காத எதையும் மூலமாகக் குறிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும்.

மதிப்பெண்

மதிப்பெண் இல்லாத படியைப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். இருபதில் பன்னிரண்டைக் கட்டுரைக்கோ வாய்மொழிப் படைப்புக்கோ வைத்து, எட்டைத் தேடலுக்குக் கொடுங்கள்: தேடுசொல் அட்டவணை 2, குறிப்பட்டைகள் 3, மூலக் குறிப்பு 2, ஒப்பீட்டு வரி 1. அட்டைகளை இரண்டாம் வாரத்திலேயே வாங்கித் திருத்திவிடுங்கள். கட்டுரையோடு சேர்த்து வாங்கினால், கட்டுரையை எழுதி முடித்துவிட்டு அட்டைகளைப் பின்னால் நிரப்பிக் கொண்டுவருவார்கள். அப்படி நிரப்பியவற்றில் வட்டமிட்ட சொல் ஒன்றுகூட இருக்காது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.