கரண்டிக்கு வராத வெயில்: பிரித்தானியாவில் சோலார் காசு தாமதமாகும்போது நாம் விடும் பிழைகள்

ஏப்ரலில் பனல் பூட்டி முடித்தார்கள். மத்தியானம் செயலியைத் திறந்தால் கூரையிலிருந்து மூன்று கிலோவாட் இறங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் புளுகம். ஓகஸ்ட் பிறந்தும், நாங்கள் வெளியே அனுப்பிய மின்சாரத்துக்கு ஒரு பென்ஸ்கூட வரவில்லை. மின் கம்பனிக்குத் தொலைபேசி அடித்துக் கேட்டால் 'விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது' என்ற ஒரே பதில். கடைசியில் கிளறிப் பார்த்தபோது பிழையில் பாதி அவர்களுடையது, பாதி என்னுடையது. அவர்களுடைய பாதியைத் திருத்த எனக்கு வழியில்லை. என்னுடைய பாதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2010 முதல் 2019 மார்ச் வரை பனல் பூட்டியவர்களுக்கு ஃபீட்-இன் டரிஃப் என்ற பழைய திட்டம் இருந்தது; உற்பத்திக்கும் வெளியே அனுப்புவதற்கும் அதில் காசு. அது புதியவர்களுக்கு மூடப்பட்டபின், 2020 ஜனவரி 1 முதல் வந்ததுதான் ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கரண்டி (கரண்டி என்றால் இங்கே ஆங்கில 'கேரண்டி', உத்தரவாதம்). 150,000 வீட்டு வாடிக்கையாளர்களோ அதற்கு மேலோ உள்ள மின் கம்பனி ஒவ்வொன்றும், நாம் கிரிட்டுக்கு (பொது மின்வலைக்கு) அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் (ஒரு கிலோவாட்-மணி) ஏதாவது ஒரு விலை கொடுத்தாக வேண்டும். அந்த விலை பூச்சியத்துக்கு மேல் இருந்தால் போதும். எவ்வளவு என்பதைக் கம்பனியே தீர்மானிக்கும். மாதாமாதமா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா, வருடத்துக்கு ஒருமுறையா என்பதும் நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில்தான் இருக்கும். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டி நிறைய இருக்கிறது; கரண்டிக்குத்தான் வருவதில்லை. (இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும்தான் இது. வட அயர்லாந்தில் இல்லை.)

பனல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து காசு என்று நினைப்பது

என் முதல் பிழை இதுதான். பனல் பூட்டியவுடன் மின்சாரம் தானாகத் தெருவுக்குப் போகத் தொடங்கிவிடும். காசு தானாக வராது. விண்ணப்பித்து, கம்பனி ஏற்றுக்கொண்டு, ஒப்பந்தம் தொடங்கும் திகதிவரை நீங்கள் அனுப்புவது பொதுவாக இலவசம். சில கம்பனிகள் விண்ணப்பம் கிடைத்த திகதிக்குப் பின்னோக்கிப் போட்டுக் கொடுக்கும், சில கொடுக்காது. இதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

தெற்கு இங்கிலாந்தில் நான்கு கிலோவாட் பனல் வருடத்துக்கு ஏறக்குறைய 3,600 யூனிட் தரும் என்று வையுங்கள். பகலில் வேலைக்குப் போகும் குடும்பம் என்றால் பாதி, அதாவது 1,800 யூனிட், வெளியே போகும். யூனிட்டுக்கு 12 பென்ஸ் கிடைத்தால் 216 பவுண். ஆனால் இந்த நாட்டு வெயில் வருடம் முழுக்கச் சமமாக அடிப்பதில்லை. உற்பத்தியில் நாலில் மூன்று பங்கு ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் முடிந்துவிடும். 'ஆறு மாதத் தாமதம்தானே, பாதிக் காசுதானே போகும்' என்ற கணக்கு அதனால் இங்கே பிழைக்கும். கோடையில் ஆறு மாதம் போனால் வருடமே போன மாதிரி. பனலை மார்கழியில் பூட்டுகிறவர்கள் கெட்டிக்காரர்கள்: கடதாசி வேலை இழுபட்டாலும் நட்டம் சில்லறைதான்.

கடதாசி எல்லாம் பனல்காரர் பார்ப்பார் என்று விடுவது

விண்ணப்பத்துக்கு இரண்டு கடதாசி உயிர்நாடி. ஒன்று, பனல் தரத்தின்படி பூட்டப்பட்டது என்று காட்டும் எம்சிஎஸ் சான்றிதழ் அல்லது அதற்கு ஈடான ஒன்று. மற்றது, டிஎன்ஓவுக்கு அறிவித்ததற்கான உறுதிக் கடிதம். டிஎன்ஓ என்பது தெருவில் கேபிளை வைத்திருக்கும் கம்பனி. உங்களுக்குப் பில் அனுப்பும் கம்பனி அல்ல. லண்டனின் பெரும்பகுதிக்கு யூகே பவர் நெட்வேர்க்ஸ், மேற்கு லண்டனின் சில பகுதிகளுக்கு ஸ்கொட்டிஷ் அன்ட் சதர்ன். நம்மில் பலர் இந்த இரண்டு வகைக் கம்பனியையும் குழப்பிக்கொண்டு, ஒருவரிடம் கேட்க வேண்டியதை மற்றவரிடம் கேட்டு வாரக்கணக்கில் அலைகிறோம்.

ஒரு பேஸுக்கு 16 அம்பியருக்குள், அதாவது சாதாரண வீட்டில் 3.68 கிலோவாட்டுக்குள், இருந்தால் பூட்டியபின் 28 நாளுக்குள் டிஎன்ஓவுக்கு அறிவித்தால் போதும். இதற்கு ஜி98 என்று பெயர். அதற்கு மேல் போனால் ஜி99. பூட்டும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். பற்றரியும் சேர்த்துப் பூட்டும்போது அந்த எல்லையைத் தாண்டிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அனுமதி இல்லாமல் பூட்டிவிட்டுப் பிறகு அலைந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பனல்காரர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஆகவே, கடைசித் தவணைக் காசை இரண்டு கடதாசியும் கையில் வந்தபின் கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதும்போதே பேசிக்கொள்ளுங்கள். பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு காசைப் பிடித்து வைத்தால் அது வேறு சண்டையாகும்.

பெயர்

இது நம்மவர்களுக்கென்றே உள்ள வில்லங்கம். என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். வங்கிக் கணக்கில் அப்பாவின் பெயருக்கு இனிஷல் மட்டும். கரண்ட் பில் மனைவி பெயரில். பனல்காரரோ வட்ஸ்அப்பில் நான் கொடுத்த கூப்பிடும் பெயரையே சான்றிதழில் ஏற்றிவிட்டார். எல்லாம் ஒரே வீடு என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பனியின் கணினிக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் ஏழு கிழமை அப்படியே கிடந்தது, நிராகரிக்கக்கூட இல்லை.

விண்ணப்பிக்கும் முன் நான்கு இடத்தில் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்: சான்றிதழ், டிஎன்ஓ கடிதம், கரண்ட் பில், வங்கிக் கணக்கு. ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்த இடங்களில் '14ஏ' என்று ஒன்றிலும் 'ஃபிளாட் 1, 14' என்று இன்னொன்றிலும் இருந்தாலும் இதே கதைதான். சான்றிதழில் பிழை இருந்தால் அதைப் பூட்டியவர்தான் திருத்துவிக்க வேண்டும். அவர் கம்பனியை மூடிவிட்டுப் போவதற்குள் செய்வது நல்லது.

எக்ஸ்போர்ட் எம்பானைக் கேட்காமல் இருப்பது

தாமதத்தின் முடிச்சு பெரும்பாலும் இங்கேதான். எம்பான் என்பது உங்கள் மின் இணைப்பின் 13 இலக்க எண். பில்லில் 'எஸ்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் அதைப் பார்க்கலாம். அது உள்ளே வரும் மின்சாரத்துக்கான எண். வெளியே போகும் மின்சாரத்துக்குத் தனியாக இன்னொரு எம்பான் வேண்டும். உங்கள் கம்பனி டிஎன்ஓவிடம் கேட்டு அதை உருவாக்குவிக்க வேண்டும். பிறகு அதைத் தன் பெயரில் பதிய வேண்டும். பிறகு ஸ்மார்ட் மீற்றரின் அரைமணி நேரக் கணக்கு அந்த எண்ணுக்கு வந்து சேர வேண்டும். இந்த மூன்று படியில் எது தடைப்பட்டாலும் உங்களுக்குச் சொல்லப்படுவது 'பரிசீலனையில்' என்ற ஒரு சொல்தான்.

ஆகவே 'காசு எப்போது வரும்?' என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. 'எக்ஸ்போர்ட் எம்பான் உருவாகிவிட்டதா? எண் என்ன? எந்தத் திகதியிலிருந்து உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது? அரைமணிக் கணக்கு வருகிறதா?' என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று பதில் உண்டு, அதனால் மழுப்ப முடியாது. எண்ணைச் சொன்னால் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். அது டிஎன்ஓ வட்டாரத்தைக் குறிக்கும்: லண்டனில் 12, தென்கிழக்கில் 19, கிழக்கு இங்கிலாந்தில் 10. உங்கள் பழைய எம்பானின் முதல் இரண்டு இலக்கத்தோடு ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை. நான் இந்தக் கேள்விகளைக் கேட்ட அன்றைக்குத்தான், டிஎன்ஓவிடம் யாருமே விண்ணப்பிக்கவில்லை என்பது தெரியவந்தது.

செயலியை நம்பி மீற்றரைப் படமெடுக்காமல் விடுவது

இன்வேர்ட்டரின் (பனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டியின்) செயலி காட்டுவதைக் கம்பனி ஏற்காது. அதில் பெரிதாகத் தெரியும் எண் பெரும்பாலும் மொத்த உற்பத்தி. வெளியே போனது அல்ல. குசினியில் வைத்திருக்கும் சின்னத் திரையும் பல வீடுகளில் உள்ளே வருவதை மட்டுமே காட்டும். காசுக்குரிய எண் மீற்றருக்குள் இருக்கிறது. பொத்தானை அழுத்தி அழுத்திப் போனால் வரும். பல மீற்றர்களில் 1.8.0 என்பது உள்ளே வந்தது, 2.8.0 என்பது வெளியே போனது. ஒரு பேச்சுக்கு முன்பு இருந்தவர்களும் அதே மீற்றர் வழியாக மின்சாரம் வெளியே அனுப்பியிருந்தால் 2.8.0 பூச்சியத்தில் தொடங்காது. அதனால்தான் முதல் நாள் படம் முக்கியம்.

பனல் ஓடத் தொடங்கிய அன்று ஒரு படம். விண்ணப்பித்த அன்று ஒரு படம். பிறகு ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ஒரு படம், மீற்றரின் தொடர் எண்ணும் சேர்ந்து விழும்படி. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் இடையிலான வித்தியாசம், பிறகு முறைப்பாடு செய்யும்போதுதான் தெரியும்.

கோபத்தில் செய்யும் இரண்டு காரியம்

'அவன் எனக்குத் தரவில்லை, நான் ஏன் அவனுக்குக் கட்ட வேண்டும்' என்று கரண்ட் பில்லின் டிரெக்ட் டெபிட்டை நிறுத்துவது ஒன்று. இரண்டும் வேறு வேறு கணக்கு. நீங்கள் கட்டாத பில் கடனாக ஏறும், உங்கள் கிரெடிட் ஸ்கோரையும் பாதிக்கலாம். மற்றது, விண்ணப்பம் பாதியில் நிற்கும்போது வேறு கம்பனிக்கு மாறுவது. மின்சாரம் வாங்குவது ஒரு கம்பனியிடமும் விற்பது இன்னொரு கம்பனியிடமும் இருக்கலாம், அதில் தடையில்லை. ஆனால் நல்ல விலை தரும் சில டரிஃப்கள், வாங்குவதும் தங்களிடமே என்று நிபந்தனை போடும். நடுவில் மாறினால் நிபந்தனை உடைந்து, வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

'முறைப்பாடு' என்ற சொல்லைச் சொல்லாமல் விடுவது

பத்துத் தடவை தொலைபேசியில் கெஞ்சிக் கேட்டாலும் அது விசாரிப்புத்தான். 'இது ஃபோர்மல் கம்ப்ளெயின்ட்' என்று தெளிவாகச் சொல்லி, மின்னஞ்சலில் எழுதி, அதற்கு ஓர் எண் வாங்கினால்தான் மணிக்கூடு ஓடத் தொடங்கும். எட்டு வாரத்தில் தீராவிட்டால், அல்லது 'எங்களால் இதற்கு மேல் முடியாது' என்று அவர்கள் அதற்கு முன்பே கடிதம் தந்துவிட்டால், மின், எரிவாயுக் கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை நடுநிலையாகத் தீர்க்கும் எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். உங்களுக்குச் செலவில்லை. அவர்கள் சொல்லும் தீர்வை நீங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பனி அதற்குக் கட்டுப்பட வேண்டும். 10,000 பவுண் வரை கொடுக்கச் சொல்லும் அதிகாரமும் உண்டு. ஒஃப்ஜெம்முக்கு எழுதுகிறவர்கள் பலர். அது கம்பனிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. தனி ஒருவரின் காசுப் பிரச்சினையைத் தீர்த்து வைக்காது. எழுதத் தெரியாது என்று தயங்கும் அம்மா அப்பாமாருக்கு இலவச ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு உதவி செய்யும்.

பழைய ஃபீட்-இன் டரிஃபில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: உற்பத்திக்கான காசை வைத்துக்கொண்டு, ஏற்றுமதிக்கான பகுதியை மட்டும் விட்டுவிட்டு புதிய திட்டத்துக்கு வரலாம். இரண்டிலும் ஏற்றுமதிக் காசு வாங்க முடியாது. விடுவதை எழுத்தில் உறுதி செய்யாமல் விண்ணப்பித்தால் இரண்டு பக்கமும் நின்றுவிடும்.

கடைசியில் எனக்கு முதல் கொடுப்பனவு ஒக்ரோபரில் வந்தது. பலர் அந்தச் சந்தோசத்தில் கம்பனி அனுப்பும் கணக்குக் கூற்றைத் திறந்தே பார்ப்பதில்லை. நான் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட தொடக்கத் திகதிக்கும் கூற்றில் இருந்த திகதிக்கும் இடையில் 11 நாள் இடைவெளி, அதுவும் ஜூன் மாதத்து 11 நாள். மீற்றர் படத்தையும் அவர்களுடைய மின்னஞ்சலையும் ஒன்றாக இணைத்து அனுப்பினேன். அடுத்த கூற்றில் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.